ரிஷிகேஷ்: அலையைவிட மணல் கரைதான் ஆபத்து

பத்ரி, கேதார் யாத்திரைக்கு நம் ஊரிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ரிஷிகேஷில் ராஃப்டிங் (காற்றடித்த ரப்பர் படகில் கங்கையின் அலைகளில் துடுப்பு போட்டுப் போவது) போகிறோம் என்று பிள்ளைகள் சொன்னதும், "கங்கையோடு விளையாட்டு வேண்டாம்" என்று பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். அதே பெரியவர்கள் சற்று நேரத்தில் தபோவன் பக்கம் ஒரு வெள்ளை மணல் திட்டில் பேரக்குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் அடிவயிற்றைக் கலக்குகிறது.

ராஃப்ட்டில் ஏறுகிறவருக்கு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், கைடு எல்லாம் உண்டு. ஒழுங்கான ஏற்பாடாக இருந்தால் விழுந்தவரைத் தூக்க கயாக் என்ற ஒரு சிறு படகும் கூடவே வரும். மணலில் இறங்குகிறவருக்கு இதில் ஒன்றுமே கிடையாது. அந்த மணல் பார்க்கத்தான் சாது. ஆறு அதை அடியில் அரித்துக்கொண்டே இருப்பதால், முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த எட்டிலேயே நிலைகொள்ளாத ஆழம் வந்துவிடும். பாகீரதி, அலக்நந்தா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்துதான் கங்கை. மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை, அலக்நந்தாவில் ஸ்ரீநகர் அணை. மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். காலையில் பார்த்த கரை மாலையில் இருக்காது. போதாததற்குக் குளிர். பனி உருகி வரும் நீரில் திடீரென்று முழுகினால் மூச்சு தானாக இழுக்கும், முதல் ஓரிரு நிமிடம் அது நம் கட்டுப்பாட்டில் இருக்காது. வாய் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். குளிக்க வேண்டுமா, சங்கிலி கட்டிய படித்துறையில் மட்டும் குளியுங்கள்.

இனி ராஃப்டிங். ரிஷிகேஷில் முடியும் தடங்கள் நான்கு. பிரம்மபுரியிலிருந்து சுமார் 9 கி.மீ., சிவ்புரியிலிருந்து 16, மரைன் டிரைவிலிருந்து 25, கௌடியாலாவிலிருந்து 36. முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை சிவ்புரி. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்ற இரண்டு நல்ல ராப்பிட்டுகள் (ஆறு வேகமெடுத்து அலையடிக்கும் இடங்கள்) அதிலேயே வந்துவிடும். தண்ணீரைக் கண்டாலே பயம் என்பவர் பிரம்மபுரியோடு நிறுத்திக்கொள்ளலாம். கௌடியாலா தடத்தில் 'தி வால்' என்றொரு ராப்பிட் இருக்கிறது. அங்கே ராஃப்ட் கவிழ்வது அபூர்வமில்லை. முன் அனுபவம் இல்லாமல், "தூரம் அதிகம், காசுக்கு லாபம்" என்று கணக்குப் போட்டு அதை எடுக்காதீர்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றாதீர்கள். பெரியவர் அளவு ஜாக்கெட் சிறுவனின் தோளில் நிற்காது.

ஜாக்கெட் விஷயத்தில்தான் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். எல்லா பக்கிளும் மாட்டி வார்களை இழுத்து இறுக்கிய பிறகு, பக்கத்தில் இருப்பவரை ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உடம்போடு சேர்ந்து வந்தால் சரி. ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறினால், தண்ணீரிலும் அதேதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், நீங்கள் உள்ளே இறங்குவீர்கள். வேறு அளவு கேளுங்கள். பின்னால் கூட்டம் நிற்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். ஹெல்மெட் நாடாவுக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக்கூடாது.

துடுப்பின் மேல்முனையில் டி வடிவக் கைப்பிடி இருக்கும். ஒரு கை எந்நேரமும் அதன் மேலேயே இருக்கட்டும். அலையடிக்கும்போது அதை விட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்த்துவிடும்.

ரோலர் கோஸ்டரில் நடப்பதைச் சொல்கிறேன். ராஃப்ட்டின் மூக்கு மேலே எழும்பும். முன்னால் இருக்கும் இருவர் பயந்து துடுப்பை விட்டுவிட்டு ராஃப்ட்டின் ஓரத்துக் கயிற்றைப் பிடிப்பார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்துவார்கள். வேகம் செத்ததும் ராஃப்ட் அலைக்குக் குறுக்கே திரும்பும். கவிழ்வது அப்போதுதான். துடுப்பு தண்ணீருக்குள் அழுந்தியிருக்கும் வரை அதுவும் ஒரு பிடிமானம். கைடு "ஃபார்வர்ட்" என்றால் கண்ணை மூடிக்கொண்டாவது வலியுங்கள். "கெட் டவுன்" என்ற பிறகுதான் குனிந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும். பாதத்தை நடுவில் இருக்கும் காற்றுக்குழாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள், கயிற்றுக்குள் ஒருபோதும் நுழைக்காதீர்கள்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் வெளியே தெரியும்படி மிதக்க வேண்டும். தரை தட்டுகிறதே என்று எழுந்து நிற்க முயல்வதுதான் பெரிய தவறு. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் முதுகில் மோதி ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மீட்பதற்காகக் கயிறு வைத்த பையை உங்களை நோக்கி எறிந்தால் பையை விட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். ராஃப்ட்டுக்கு அடியில் மாட்டினால் உள்ளங்கையால் அதைத் தள்ளியபடியே ஒரே திசையில் நகருங்கள், வெளிச்சம் வந்துவிடும்.

வழியில் பாறையிலிருந்து குதிக்கச் சொல்லும் இடத்தை என் யோசனையில் விட்டுவிடலாம். நீர்மட்டம் மாறும் ஆற்றில் நேற்றைய ஆழம் இன்று இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வீடியோவுக்காகக் கைடே கேமராக் கம்பைப் பிடித்து வருவதும் எனக்கு உடன்பாடில்லை. அவர் இரு கையும் துடுப்பில் இருக்க வேண்டும்.

புடவை, வேட்டி, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. சீக்கிரம் காயும் டிராக் பேன்ட், வார் வைத்த செருப்பு, கண்ணாடிக்குக் கயிறு. தாலிச்சங்கிலியை உள்ளே செருகி மேலே இறுக்கமான டி-ஷர்ட். ஆஸ்துமா இன்ஹேலர் கைடின் நனையாத பையில். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கரையில் இருப்பதே சரி.

ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் கிடையாது. செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கினாலும் மழைநீர் வடிந்திருக்காது. அக்டோபர், நவம்பரும் மார்ச், ஏப்ரலும்தான் அருமை. பத்ரிநாத்திலிருந்து இறங்கும் அன்றைக்கே முன்பதிவு செய்யாதீர்கள். 300 கி.மீ.க்குச் சற்றே குறைவான மலைப்பாதை, மண்சரிவு இல்லாவிட்டாலே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓர் இரவு தூங்கி எழுந்து காலையில் போங்கள்.

ராஃப்டிங் வேண்டாம் என்பவர்கள் விடியுமுன் கிளம்பி குஞ்சாபுரி கோவிலுக்குப் போகலாம். உயரம் 1,600 மீட்டருக்கு மேல். கடைசியில் முந்நூறு படி ஏறினால், வானம் தெளிந்த நாளில் பனிச்சிகரங்கள் வரிசையாகச் சிவக்கும். மோகன்சட்டியில் பஞ்ஜி ஜம்ப் (காலில் மீள்கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது) 83 மீட்டர். ரத்த அழுத்தம், முதுகுவலி, கண் அறுவை சிகிச்சை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 1968இல் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு தங்கிய ஆசிரமம் இப்போது ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நுழைவுச்சீட்டு உண்டு, இரண்டு மணி நேரம் போதும்.

ஆனால் நம்மவர்கள் விடக்கூடாத இடம், பாகீரதியும் அலக்நந்தாவும் சேரும் தேவப்ரயாக். ரிஷிகேஷிலிருந்து சுமார் 70 கி.மீ. அங்குள்ள ரகுநாத்ஜி கோவில்தான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் என்ற திவ்யதேசம். பத்ரி போகும் வழியிலேயே இருந்தும் பல வண்டிகள் பாலத்தில் போட்டோவுக்கு மட்டும் நின்று கிளம்பிவிடுகின்றன. ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கோவிலிலிருந்து சங்கமத்துக்குச் செங்குத்தான படிகள், கடைசிப் படிகள் ஈரத்தில் வழுக்கும், செருப்பை மேலேயே விட்டுவிடுங்கள். பாகீரதி இரைந்துகொண்டு வரும், அலக்நந்தா அடங்கி வரும், நிறம் வேறாகவே சற்று தூரம் ஓடும். வயதானவர்கள் இறங்கி முழுக வேண்டாம். படியில் உட்கார்ந்து ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளட்டும்.