808 அப்போது வரவே இல்லை
பாடகி டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டின் தாளம் முழுக்க ரோலண்ட் 808 என்ற டிரம் மெஷின், அதாவது டிரம் சத்தங்களை மின்னணு முறையில் எழுப்பும் கருவிதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டு வந்தது 1977-இல். 808 கடைக்கு வந்ததே 1980-இல். மியூனிக்கில் பாட்டின் தயாரிப்பாளர்கள் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் பயன்படுத்தியது மூக் மாடுலர் சின்தசைசர், அதாவது மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் கருவி. டிரம் செட்டின் ஹை-ஹாட் (ஜோடித் தட்டு), ஸ்னேர் (சிறு டிரம்) சத்தங்கள்கூட அதன் வெள்ளை இரைச்சலிலிருந்து ('உஸ்' என்ற சத்தம்) செய்தவைதான். ஆனால் கிக் டிரம்முக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வேண்டிய கனம் மூக்கில் கிடைக்கவில்லை. அதனால் டிரம்மர் கீத் ஃபோர்ஸி உட்கார்ந்து காலால் மிதித்தே வாசித்தார். அவ்வளவு சீரான வாசிப்பை மெஷின் என்று நினைத்தால் அது அவருக்குப் பாராட்டு, சரி. பேஸ் (கனத்த அடி ஒலி) அப்படித் துள்ளி ஓடுவது டிலேயால், அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்க வைப்பதால்: ஒவ்வொரு சுரமும் ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்க, அதன் எதிரொலி மற்றதில் விழுகிறது. 808 கேட்க வேண்டுமென்றால் 1982-இல் வந்த பாடகர் மார்வின் கேயின் 'செக்சுவல் ஹீலிங்' சிங்கிளைப் போட்டுப் பாருங்கள்.