எழுபது ரூபாய்

வீட்டு டிவியில் படம் பார்க்கும் ஆப்பின் மாதச் சந்தாவை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்தால், பணம் எடுத்தாகிவிட்டது. போன மாதத்தைவிட 70 ரூபாய் அதிகம்.

கேட்டால் முன்பே தகவல் அனுப்பினோம் என்பார்கள். அனுப்பியிருக்கிறார்கள், தேடிப் பார்த்தேன். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வந்து குவிந்த குப்பைக்கு நடுவில் ஒரே ஒரு வரி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை ஒழுங்காகச் செய்துவிட்டார்கள். ஏற்றப்போகிறோம், சரியா என்று மட்டும் கேட்கவில்லை. மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபேவுக்கு முதல்முறை பின் நம்பர் போடுகிறோமே, அந்தத் திரையிலேயே ‘அதிகபட்சம்’ என்று ஒரு தொகை இருக்கும், சந்தாவைவிடப் பெரிதாக. யார் கவனிக்கிறோம்? அந்த வரம்புக்குள் எவ்வளவு ஏற்றினாலும் மறுபடி பின் நம்பர் கேட்க வேண்டியதில்லை. என் பணத்தை எடுக்க நானே சாவி கொடுத்திருக்கிறேன் என்பது நேற்றுதான் தெரிந்தது.

70 ரூபாய் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் அதே நேரத்தில் கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை, கண் மட்டும் டிவியில். படத்தில் மகன் பல வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறான், அம்மா கதவைத் திறக்கப் போகிறாள். படக்கென்று ஒரு கடன் ஆப் விளம்பரம், சத்தம் மட்டும் இரண்டு மடங்கு. அம்மாவின் கை கீரைக்காம்போடு அப்படியே நின்றுவிட்டது. “ஏம்ப்பா, விளம்பரம் வராதுன்னுதானே நீ காசு கட்டுனே?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், அதற்குத்தான் கட்டினேன். இப்போது அதே விளம்பரம் வராமலிருக்கத் தனியாகக் கட்ட வேண்டுமாம். நான் காசு கொடுத்து வாங்கியதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எனக்கே திரும்ப விற்கிறார்கள். இதற்கு விலையேற்றம் என்று பெயர் வைத்தால் எனக்கு ஒப்பாது.

ரத்து செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மணி ஒன்பதே கால். முகப்பில் அதற்கு இடமே இல்லை. அமைப்புகள், அதற்குள் கணக்கு, அதற்குள் திட்டம், அதற்குள் ‘திட்டத்தை நிர்வகி’. அங்கே போனால் இதைவிடப் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறது. கீழே வரை தள்ளினேன். பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் ‘ரத்து’. தொட்டால், நீங்கள் இழக்கப்போவது என்று பத்துப் படங்களின் போஸ்டர். அப்புறம் ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வித்தாள், காரணம் சொல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. அப்புறம் ஒரு மாதம் நிறுத்தி வைக்கிறீர்களா என்று கேள்வி. அப்புறம் இரண்டு பொத்தான்கள். பளிச்சென்று நீலத்தில் இருப்பது ‘தொடர்கிறேன்’. வெளுத்துப்போய் நிற்பதுதான் ரத்து. அவசரத்தில் நீலத்தைத் தொட்டுவிட்டேன். மறுபடி முகப்பு, மறுபடி அமைப்புகள்.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. வெளியேறும் வழியைச் சிக்கலாக்கிச் சந்தாவில் மாட்டவைப்பதும் அதில் ஒன்று. தடை செய்யப்பட்ட ஒன்று என் உள்ளங்கையில் அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் யுபிஐ ஆப்புக்குப் போய் ஆட்டோபே பட்டியலிலிருந்து அதையே தூக்கினேன். இரண்டே நிமிஷம். நேராக அங்கே போங்கள், உங்களுக்காவது நேரம் மிஞ்சட்டும்.

ஒரு கம்பெனி மட்டும் என்றால் மாறிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் இதே கதை. அமேசான் பிரைம் 2016-ல் இங்கே வந்தபோது அறிமுக விலை வருஷத்துக்கு 499. பிறகு 999. 2021 டிசம்பரில் 1,499. 2025 ஜூனில் படங்களுக்கு நடுவே விளம்பரம் வந்தது, அது வேண்டாம் என்றால் வருஷத்துக்கு இன்னொரு 699. கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-லும் 2024-லும் ஐபிஎல்லை ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டினார்கள். ஊரே போனில் பார்க்கப் பழகிய பிறகு, 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரோடு ஒன்றானார்கள், சந்தா வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆள் சேரவில்லை என்றால் குறைக்கத் தெரிகிறது என்றுதான் அதிலிருந்து எனக்குப் புரிகிறது.

2011-ல் அரசு கேபிள் திரும்ப வந்தபோது மாதக் கட்டணமே 70 ரூபாய். இன்றைக்கு ஏற்றம் மட்டுமே அவ்வளவு. காலம் மாறிவிட்டது, விலையும் மாறும், சரி. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் தெருக் கேபிள் அண்ணன் பத்து ரூபாய் ஏற்றினால் வாசலில் வந்து நின்று சொல்வார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் திட்டுவார், “போன வாரம் ரெண்டு நாள் படமே வரலை, அதுக்கு என்ன கழிச்சே?” என்பார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அஞ்சு ரூபாய் குறைத்துக்கொண்டு போவார். இப்போது யாரிடம் போய்க் கேட்பது? வாடிக்கையாளர் சேவை என்று தொட்டால், ‘உங்கள் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்’ என்று நான்கு கட்டம் வருகிறது. ‘ஏன் ஏற்றினீர்கள்’ என்பது அந்த நான்கில் இல்லை.

இன்று காலை ஒரு மின்னஞ்சல். உங்களைப் பிரிய மனமில்லை, திரும்பி வாருங்கள், மூன்று மாதம் பாதி விலை. ஆறு வருஷம் ஒரு மாதம் தவறாமல் கட்டியவனுக்கு ஏற்றம். விட்டுப் போனவனுக்குப் பாதி விலை. படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

இதெல்லாம் போக, அந்த ரிமோட். நான் காசு போட்டு வாங்கிய டிவி, அதன் ரிமோட்டில் இவர்கள் பெயருக்கு ஒரு தனிப் பொத்தான், சரியாக ஒலிப் பொத்தானுக்குக் கீழே. கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. அம்மா சத்தத்தைக் குறைக்கப் போகும்போதெல்லாம் கட்டைவிரல் அதில் பட்டு, பார்த்துக்கொண்டிருந்தது போய், சந்தா கட்டச் சொல்லித் திரை வந்து நிற்கிறது. காலையில் மட்டும் மூன்று முறை. மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து அதன்மேல் ஒட்டியிருக்கிறேன்.