ஜார்ஜ் மைக்கேல் குயின் குழுவில் சேரவே இல்லை

கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. மேடையில் பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல், பக்கத்தில் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே. 'பிரெடி மெர்குரிக்குப் பிறகு குயினின் அதிகாரபூர்வப் பாடகர்' என்று கீழே வாசகம். படம் நிஜம்தான், வாசகம் பொய்.

குயினின் முதன்மைப் பாடகர் பிரெடி 1991 நவம்பர் 24 அன்று இறந்தார். அடுத்த ஏப்ரல் 20 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அவருக்காக நடந்த அஞ்சலிக் கச்சேரியில் ஜார்ஜ் மைக்கேல் பாடினார். 'சம்படி டு லவ்' பாடலை அவர் பாடியதைக் கேட்டால் இவரே குயினில் சேர்ந்திருக்கலாமே என்ற ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது! ஆனால் அன்று எல்டன் ஜான், டேவிட் போவி, ஆனி லெனாக்ஸ் என்று வரிசையாகப் பாடினார்கள். நம்மூர்த் திருவிழாக் கச்சேரியில் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு பாட்டு பாடிவிட்டுப் போவதில்லையா, அதுபோலத்தான். 1993இல் வெளியான 'ஃபைவ் லைவ்' இசைத்தட்டில் குயினோடு ஜார்ஜ் மைக்கேல் பெயர் இருப்பதும் குழப்பத்துக்குக் காரணமாகியிருக்கலாம்.

அப்புறம் வந்தவர்கள்? பால் ராட்ஜர்ஸ் 2004 முதல் 2009 வரை பாடினார். பிறகு ஆடம் லாம்பர்ட். இருவர் பெயரும் 'குயின்' என்பதற்குப் பின்னால் கூட்டல் குறி போட்டுத்தான் அச்சாகின. கூட நின்று பாடியவர்கள், குழுவில் சேர்ந்தவர்கள் அல்ல என்று சொல்லும் அந்தக் குறியைக் கவனித்தாலே பாதி வதந்தி அடங்கிவிடும்.

'பழைய மூவரும் இப்போதும் மேடை ஏறுகிறார்கள்' என்று அந்தப் பட வாசகத்தில் இருக்கும் கடைசி வரியும் தப்பு. பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் 1997இலேயே ஒதுங்கிவிட்டார். பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும்தான் மிச்சம்.