தனி ஆளுக்கு எதற்குக் கம்பெனி?

ஜெர்மனியில் சம்பள வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்சராகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், 'பேசாம ஒரு யூ.ஜி. ஆரம்பிச்சிடு, ஒரு யூரோ இருந்தாப் போதும்' என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். யூ.ஜி. என்பது, கடன் வந்தால் பொதுவாகக் கம்பெனியோடு நிற்கும், சொந்தச் சொத்தைத் தொடாத சிறு கம்பெனி. அந்த ஒரு யூரோ கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2008-இல் வந்த யூ.ஜி.க்கு மூலதனம் ஒரு யூரோ இருக்கலாம்தான். ஆனால் நோட்டரிக்கும் வணிகப் பதிவேட்டுக்கும் யார் கொடுப்பது? அப்புறம் இரட்டைப் பதிவுக் கணக்கு, ஆண்டு நிதியறிக்கை, அதற்கொரு வரி ஆலோசகர். போதாக்குறைக்கு ஆண்டு லாபத்தில் கால்வாசியை எடுக்க முடியாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். நேராக அதன் பெரிய வடிவமான ஜி.எம்.பி.எச். என்றால் மூலதனம் 25,000 யூரோ. பதியும்போதே பாதி கட்ட வேண்டும்.

மாதாமாதம் சம்பாதிப்பதை வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுத்துக்கொள்கிற மென்பொருள்காரருக்கு இதில் என்ன லாபம்? கம்பெனி வரி 30 சதவீதத்தை ஒட்டித்தான் என்பது உண்மை. ஆனால் மீதியை டிவிடெண்டாக எடுக்கும்போது மறுபடி 25 சதவீதமும் சொச்சமும் போகும். பணத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைக்க முடிகிறவருக்கும், பிழை நேர்ந்தால் பெரிய நஷ்ட ஈடு வரக்கூடிய வேலை செய்கிறவருக்கும் கம்பெனி சரி. மற்றவர்களுக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு ஒன்று போதும் என்பது என் கட்சி. கம்பெனி பெயரில் கடன் கேட்டாலும் வங்கி பெரும்பாலும் உங்கள் சொந்த ஜாமீனைத்தான் கேட்கும்.

உண்மையில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டிய இடம் வேறு. வரி அலுவலகத்துக்கு எல்ஸ்டர் என்ற வரி இணையதளம் வழியாக அனுப்பும் படிவத்தில், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பலர் 'ஐ.டி. சேவை' என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். பொறியாளர் வேலைக்கு நிகரான மென்பொருள் வடிவமைப்பு என்றால் நீங்கள் ஃப்ரைபெரூஃப்லர், அதாவது சுதந்திரமாக நிபுணத் தொழில் செய்பவர்: கெவெர்பெ (வணிகத் தொழில்) பதிவு வேண்டாம், தொழில் வரி இல்லை, வரவு செலவுக் கணக்கு போதும். ஹார்டுவேர் வாங்கி விற்றால் கெவெர்பெ. எனவே செய்யும் வேலையை உள்ளபடி விரிவாக எழுதுங்கள், பட்டச் சான்றிதழையும் ஒப்பந்தங்களையும் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு தணிக்கையில் கெவெர்பெ என்று மாற்றினால் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து வரி கேட்பார்கள்.

அப்படியே கெவெர்பெ ஆனாலும் குடி முழுகிவிடாது. தனிநபருக்கு 24,500 யூரோ லாபம் வரை தொழில் வரி கிடையாது. அதற்கு மேல் கட்டுவதிலும் பெரும்பகுதி வருமான வரியில் கழிந்துவிடும். பெர்லினில் கிட்டத்தட்ட முழுதும் கழியும். நகரத்தின் தொழில் வரி விகிதம் கூடுதலான மியூனிக்கில் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

எஸ்டோனியா இ-ரெசிடென்சி (வெளிநாட்டிலிருந்தே அங்கே கம்பெனி நடத்த உதவும் டிஜிட்டல் அடையாளம்) எடுத்து அங்கே கம்பெனி வைக்கலாமே என்கிறவர்களுக்கு: பெர்லினில் உட்கார்ந்து நிர்வகித்தால், நிர்வாகம் நடக்கும் இடம் பெர்லின். ஜெர்மன் வரி தப்பாது.

பின்குறிப்பு: ப்ளூ கார்டில் (வேலைக்கான தங்கும் அனுமதி) இருந்துகொண்டு பக்கத் தொழில் செய்ய நினைப்பவர்கள், முதலில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். பில் போடுவதெல்லாம் அப்புறம்.