ஞாயிற்றுக்கிழமை கைதட்டல் பற்றி

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்தப் பெரியவர் எழுத்து வகுப்புகளைக் கிண்டலடித்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வீடியோவும் சுற்றுகிறது. நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து, "அவர் பொதுவாகத்தானே சொன்னார், நீங்க ஏன் எடுத்துக்கறீங்க?" என்றார். மதுரையில் காசு வாங்கிக்கொண்டு அனுபவக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம், சொல்லுங்கள் பார்ப்போம்.

"சொந்தக் கதை சோகக் கதை எழுதக்கூட இப்ப கிளாஸ் எடுக்கறாங்க." இதுதான் அவர் மேடையில் சொன்னது. அரங்கமே சிரித்தது, கைதட்டியது. சரி. சொந்தக் கதை எல்லோரிடமும் இருக்கிறது. அதை எழுதத் தெரிவது எல்லோரிடமும் இல்லை. நான் சொல்லித் தருவது இரண்டாவதை.

வகுப்பில் ஒருவர் அப்பாவின் சாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார் (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்). மூன்று பக்கம். தாங்கொணாத் துயரம், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருப்பதெல்லாம் இருந்தது, அப்பா மட்டும் இல்லை. அன்று காலை வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பால்காரர் வந்தார் என்றார். அம்மா முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து அந்த மாதக் கணக்கைத் தீர்த்துவிட்டு, "நாளையிலேருந்து அரை லிட்டர் போதும்" என்றாராம். இதை ஏன் எழுதவில்லை என்றால், "இதையெல்லாமா எழுதுவாங்க மேடம்?" என்கிறார். இதைத்தான் எழுத வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் வகுப்பு.

'இயல்பாக வர வேண்டும், சொல்லிக் கொடுத்து வராது' என்பீர்கள். உ.வே.சா. 'என் சரித்திரம்' எழுதியதைப் பாருங்கள். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942-இல் அவர் மறைந்தபோது முடியாமலே நின்றுவிட்டது. அதில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகும் இடம் இருக்கிறதே, தான் படித்த நூல்களை அடுக்கிக்கொண்டே போகிறார், முதலியார் மசியவே இல்லை. சீவக சிந்தாமணி காப்பியம் படித்ததுண்டா என்கிறார். இல்லை. அத்தனை பெரிய தமிழறிஞர், தனக்குத் தெரியாமல் போன இடத்தில் நின்று நிதானமாக எழுதுகிறார். நாமாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டி ஓடியிருப்போம். ஓடாதே என்று சொல்லித்தர முடியும். நான் பார்த்திருக்கிறேன். பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' 2013-இல் வந்தது. 32 பேர் தங்கள் சாதி அனுபவத்தை எழுதினார்கள். பலர் அவருடைய மாணவர்கள், அதற்கு முன் எழுதிப் பழகாதவர்கள். கேட்டு, எழுதவைத்து வந்த புத்தகம் அது.

நினைவே பாதி கற்பனைதானே என்று ஒரு கூட்டம் வரும். இருக்கலாம். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான். சோகத்தை விற்கிறீர்கள், கட்டணம் வாங்குகிறீர்கள் என்று இன்னொரு கூட்டம். வாங்குகிறேன். மண்டப வாடகையை நீங்கள் கட்டுகிறீர்களா? பாட்டு வாத்தியாரிடம் போய் ஏன் காசு வாங்குகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சிரித்ததற்குக் காரணம் வகுப்பும் இல்லை, கட்டணமும் இல்லை. யார் எழுத வருகிறார்கள் என்பதுதான். வருகிறவர்கள் ரிட்டயரான நர்ஸ், கண்டக்டர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போதுதான் நோட்டைத் திறந்த அம்மாக்கள். பல வருஷத்துக்கு முன் நான் ஒரு சிறுபத்திரிகைக்கு என் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினேன். "குடும்பக் கதை, நமக்கு ஆகாது" என்று திரும்பி வந்தது. அடுத்த இதழில் மூத்த எழுத்தாளர் ஒருவர் தன் பாட்டியின் சுண்டைக்காய் வற்றலைப் பற்றி எட்டுப் பக்கம். அது இலக்கியம். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாமா தன் வாழ்க்கையையே எழுதிய 'கருக்கு' 1992-இல் வந்தபோது சொந்த ஊரிலேயே அவருக்கு எதிர்ப்பு. சொந்தக் கதை எழுதுவது அவ்வளவு லேசு என்றால் ஊர் ஏன் கோபப்படுகிறது?

வீடியோவை முழுசாகப் பாருங்கள். அந்த ஜோக்கைச் சொல்லிவிட்டு அவர் மிச்ச நேரம் முழுக்கப் பேசியது என்ன? சின்ன வயதில் ஊர் வாத்தியாரிடம் அடி வாங்கிய கதை. யாருடைய சொந்தக் கதை அது, பக்கத்து வீட்டுக்காரருடையதா?

என்னிடம் எழுதியவர்களில் சிலர் அன்று அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பால்காரரைப் பற்றி எழுதியவரும் இருந்தார். திங்கட்கிழமை போன் செய்து, அந்தக் கட்டுரையை எங்கேயும் அனுப்ப வேண்டாம் மேடம், நமக்கு எதுக்கு இதெல்லாம் என்றார். அதை எழுதி முடிக்க அவருக்கு ஒரு மழைக்காலமே ஆகியிருந்தது.

'பெரியவர், விடுங்க' என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். நேற்றே நிறையப் பேர் போட்டுவிட்டீர்கள். விடுவதற்கு அவர் என்னைச் சொன்னதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.