சாமானில் அமெரிக்காவை விடலாம், காகிதத்தில் விடக்கூடாது

அமெரிக்க பாஸ்போர்ட்டோடு குடும்பமாக வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்கிறார்கள். மைக்ரோவேவ், ஹேர் ட்ரையர், மிக்ஸர் என்று கன்டெய்னர் நிறைய ஏற்றிவிடுகிறார்கள். வரி, வங்கி, பிள்ளைகளின் ஆவணம் எல்லாம் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று நின்றுவிடுகின்றன. இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டும். ஜெர்மனியை வைத்தே சொல்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு அங்கே மாற்றலாகிப் போகும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளோடு சென்னைக்கோ கோவைக்கோ திரும்பியவர்களுக்கும் வரியைப் பற்றிய பகுதி பொருந்தும்.

முதலில் சாமான். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜெர்மனியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜரில் "100-240" என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி போதும். சூடேற்றுகிற பொருளை அப்படிச் செருகினால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு மின்சக்தி பாய்ந்து சில நொடிகளில் கருகிவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் பல மோட்டார்கள் மெதுவாக ஓடிச் சூடாகும். மின்சாரத்தின் அலையை எண்ணி ஓடும் பழைய கடிகாரம் மணிக்கு 10 நிமிடம் பிந்தும். விற்றுவிட்டு அங்கே போய் வாங்குங்கள். நம்மவர்களுக்கு ஒரு நல்ல சேதி: இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவில் ஓடாத சென்னை கிரைண்டர் ஜெர்மனியில் ஓடும். எர்த் இணைப்பு உள்ள பிளக் மாற்றி மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியம் காய்ச்சல் மருந்து. அமெரிக்காவில் டைலெனால் என்று வாங்குவதும் ஜெர்மனியில் பாராசிட்டமால் என்று வாங்குவதும் ஒரே மருந்து. இரண்டும் வேறு என்று நினைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் அளவு மீறும், கல்லீரலுக்கு ஆபத்து. இன்னொன்று, அமெரிக்கச் சிரப்பில் 5 மில்லியில் 160 மில்லிகிராம். ஜெர்மனியில் பரவலாகக் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் 200. பழக்கப்பட்ட அளவையே ஊற்றினால் கால் பங்கு கூடிவிடும். பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிள்ளையின் எடையைச் சொல்லிக் கடைக்காரரிடம் அளவு எழுதி வாங்குங்கள். இந்த மருந்து ஆப்போதெக்கே எனும் மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை முறைவைத்துத் திறந்திருக்கிறது என்று மூடிய கடைகளின் கதவில் ஒட்டியிருக்கும். உயிருக்கு ஆபத்தென்றால் 112. இரவில் டாக்டர் தேவை, ஆனால் அவசர ஊர்தி வேண்டாம் என்றால் 116117. இரண்டையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகள் குக்கீ கேட்பார்கள். பழைய குறிப்பை வைத்து அங்கே சுட்டால் பெரும்பாலும் தட்டையாகப் பரவிவிடும், குற்றம் அடுப்பில் இல்லை. ஒரு கப் என்பது 237 மில்லி, அதில் கோதுமை மாவு ஏறக்குறைய 120 கிராம். ஜெர்மன் மாவுப் பையில் 405 என்று எண் இருந்தால் கேக்குக்கான மென்மாவு. குக்கீக்கு 550 வாங்குங்கள். அங்கே "பழுப்புச் சர்க்கரை" என்று விற்பது ஈரமில்லாத கரும்புச் சர்க்கரை. 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி சுகர் பீட் கிழங்கின் கரும்பாகைப் பிசைந்தால் அமெரிக்கப் பழுப்புச் சர்க்கரைக்கு நெருங்கி வரும். 350 ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 175 செல்சியஸ். விசிறி ஓடும் ஓவனில் 20 டிகிரி குறையுங்கள்.

சாமான் கதை இவ்வளவுதான். இனிக் காகிதம்.

அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவர் விசா இல்லாமலே ஜெர்மனிக்குள் போய், 90 நாளுக்குள் அங்கேயே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கைக்கு வரும்வரை வேலை செய்யக்கூடாது. ஆனால் கணவனோ மனைவியோ இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் இந்தச் சலுகை அவருக்கு இல்லை, கிரீன் கார்டு இருந்தாலும் இல்லை. கிளம்புவதற்கு முன்பே ஜெர்மன் தூதரகத்தில் நீண்டகால விசா வாங்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் அது நடக்காது. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள். வரி எண் இந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பது அமெரிக்காவில் சட்டப்படி நடக்கும், ஜெர்மனியில் நடக்காது. பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். 2020 மார்ச் முதல் பாலர் பள்ளியானாலும் பள்ளிக்கூடமானாலும் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு இரண்டு ஊசி. அமெரிக்கத் தடுப்பூசிப் பதிவை கைப்பெட்டியில் வையுங்கள், கன்டெய்னரில் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பேச மொழி வேண்டும், அது அங்கேதான் கிடைக்கும்.

இனி பலரும் கோட்டை விடுகிற இடம். அமெரிக்கா குடியுரிமையைப் பார்த்து வரி கேட்கிற நாடு. எங்கே வாழ்ந்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் ஃபார்ம் 1040 எனும் ஆண்டு வரிப் படிவம் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம், கேட்டால் அக்டோபர் 15 வரை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத துணையோடு வாழ்ந்து, தனித்தனியாக வரி தாக்கல் செய்பவருக்கு அந்த வரம்பு வெறும் 5 டாலர். அச்சுப்பிழை இல்லை, ஐந்து டாலர்தான்.

அடுத்தது எஃப்பார், அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை. எல்லா வெளிநாட்டுக் கணக்குகளும் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தெரிவிக்க வேண்டும். துணையோடு கூட்டுக் கணக்கு என்றால் முழுத் தொகையும் கணக்கில் வரும். பிள்ளை பெயரில் பாட்டி போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டும் இதே விதிக்குள் வரும். பிள்ளைக்காகப் பெற்றோர் தாக்கல் செய்ய வேண்டும். இது வரி அல்ல, தகவல்தான். ஆனாலும் தெரியாமல் விட்டதற்கே ஓர் ஆண்டு அறிக்கைக்கு 10,000 டாலருக்கு மேல் அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. விட்டுப்போனவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: மூன்று வருஷ வரிப் படிவம், ஆறு வருஷ எஃப்பார். வெளிநாட்டில் வாழ்வதற்கான நிபந்தனை பொருந்தினால் அபராதமில்லை. வரித்துறையிடமிருந்து கடிதம் வருவதற்கு முன் இந்த வழியில் போய்விட வேண்டும்.

வெளிநாட்டு மியூச்சுவல் ஃபண்ட் வாங்கவே வாங்காதீர்கள். ஜெர்மன் ஃபண்ட் ஆனாலும், சென்னையில் மாதாமாதம் கட்டும் எஸ்ஐபி ஆனாலும், அமெரிக்க வரித்துறை அதைத் தண்டிக்கிற மாதிரிதான் கணக்குப் போடும். பொதுவாக ஃபண்ட் ஒன்றுக்கு ஒரு தனிப் படிவம், ஃபார்ம் 8621. லாபம் தணிக்கையாளர் கூலிக்கே போய்விடும்.

சம்பளத்துக்கு இரட்டை வரி வராமல் தடுக்க இரண்டு வழி. ஃபார்ம் 2555 மூலம் 2025 வருமானத்தில் 130,000 டாலர் வரை விலக்கலாம். ஃபார்ம் 1116 மூலம் ஜெர்மனியில் கட்டிய வரியைக் கழிக்கலாம். பலர் எளிதென்று முதலாவதை எடுக்கிறார்கள். அதை எடுத்தால் பிள்ளைகளுக்கான வரிச்சலுகையில் பணமாகத் திரும்பி வரும் பகுதி போய்விடும். 2025க்கு அது ஒரு பிள்ளைக்கு 1,700 டாலர் வரை. ஜெர்மனியில் வரி அதிகம் என்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 1116தான் பெரும்பாலும் மேல். மாதச் சம்பளக்காரக் குடும்பத்தை இத்தனை படிவங்களில் அலையவிடுவது நியாயமே இல்லை. ஆனால் சட்டம் மாறும்வரை தேதி தவறக்கூடாது.

அங்கே பிள்ளை பிறந்தால் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றையும் ஒரே மூச்சில் முடியுங்கள். தாய் தந்தையில் ஒருவர் மட்டும் அமெரிக்கர், இருவரும் மணமானவர்கள் என்றால், அந்த ஒருவர் அமெரிக்காவில் ஐந்து வருஷம், அதில் இரண்டு வருஷம் 14 வயதுக்குப் பின், நேரில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். குடியுரிமை வாங்குவதற்கு முன் விசாவில் இருந்த வருஷங்களும் சேரும். அதனால் பழைய இந்திய பாஸ்போர்ட், கல்லூரி மதிப்பெண் பட்டியல், ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 எதையும் எறிய வேண்டாம். 16 வயதுக்குட்பட்டவரின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். ஒவ்வொரு முறையும் தாய் தந்தை இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் வெளியூரில் இருந்தால் நோட்டரி முன் கையெழுத்திட்ட டிஎஸ்-3053 ஒப்புதல் படிவம் வேண்டும்.

கடைசியாக, அமெரிக்க போன் நம்பர். வங்கியும் ஓய்வூதியக் கணக்கும் ஓடிபியை அந்த நம்பருக்குத்தான் அனுப்பும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மலிவான திட்டத்துக்கு மாற்றி, வைஃபை மூலம் ஒவ்வொரு வங்கியின் ஓடிபியும் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். சில வங்கிகள் இணையத்தில் மட்டும் இயங்கும் நம்பரை ஏற்காது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் தெரிந்தால் கிளைக்கே நடந்துபோய்ச் சரிசெய்யலாம்.