ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட்டில் எதைப் போடுவது, எதை விடுவது

புது வெப் ப்ராஜெக்ட் என்றதும் டீமில் யாராவது ஒருவர் "ஏற்கெனவே ஒரு டெம்ப்ளேட் இருக்கே, அதையே எடுத்துக்கலாம்" என்பார். காப்பி செய்து தொடங்குவதற்கென்று வைத்திருக்கும் அந்த மாதிரிக் கோடைத் திறந்து பார்த்தால் ஸ்டேட் மேனேஜ்மென்ட்டுக்கு ரீடக்ஸ் இருக்கும், காம்போனென்ட்டுகளைத் தனியாகப் பார்க்க ஸ்டோரிபுக் இருக்கும், டார்க் மோட் இருக்கும், பல மொழிகளுக்கான ஏற்பாடு இருக்கும். கட்டப்போவதோ நாலு திரை உள்ள ஓர் அட்மின் பேனல். முதல் வாரம் முழுக்க எதை நீக்கினால் எது உடையும் என்று பார்ப்பதிலேயே போய்விடும்.

என் கட்சி இதுதான்: டெம்ப்ளேட்டில் நமக்குப் பிடித்ததைப் போடக் கூடாது, நாம் மறந்துபோவதைப் போட வேண்டும். ஸ்டேட் மேனேஜ்மென்ட்டுக்கு, அதாவது ஆப்பின் தரவை நிர்வகிக்க, எந்த லைப்ரரி என்று யாரும் மறப்பதில்லை, அதற்குச் சண்டை போடவே ஆளிருக்கிறது. ஃபைலை பிரவுசர் எவ்வளவு நேரம் சேமித்து வைக்கலாம் என்று சொல்லும் கேஷ் ஹெட்டரைச் சர்வரில் சரியாக வைக்கத்தான் ஆளில்லை.

2010-ல் வந்த எச்டிஎம்எல்5 பாய்லர்ப்ளேட்டை நினைவிருக்கிறதா? அதில் பளபளப்பாக ஒன்றும் கிடையாது. 404 பக்கம், ஃபேவ்ஐகான், ரோபாட்ஸ் ஃபைல், அப்பாச்சி சர்வருக்கான அமைப்புகள். எல்லாமே கடைசி நாளில் "அடடா" என்று நினைவுக்கு வரும் விஷயங்கள். அதனால்தான் அது அவ்வளவு பேருக்குப் பயன்பட்டது. பிறகு 2016-ல், ரியாக்ட் லைப்ரரியில் ஆப் தொடங்குவதற்கென்று, கிரியேட் ரியாக்ட் ஆப் வந்தது. வெப்பேக், பேபல் போன்ற பில்ட் டூல்கள் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜுக்குள் மறைத்து வைத்தது. தொடங்குவதற்கு அதைவிடச் சுகமான வழி அப்போது இல்லை, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றால் அதோடு வந்த வழி எஜெக்ட் என்ற கமாண்ட்தான். அது ஒருவழிப் பாதை. மறைத்து வைத்த கன்ஃபிக் மொத்தமும் ப்ராஜெக்ட்டுக்குள் வந்து விழும், திரும்பப் போக முடியாது. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே கிரியேட் ரியாக்ட் ஆப்பைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. அதன்மேல் தங்கள் சொந்த டெம்ப்ளேட்டை அடுக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் இரட்டை வேலை.

இப்போது பெரும்பாலானோர் வீட் பில்ட் டூலை வைத்துத் தொடங்குகிறோம். அது தரும் டெம்ப்ளேட் சின்னது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அந்தச் சின்னத்தனத்தைக் கெடுக்காமல், லைவுக்குப் போனபின் அடிவாங்கும் இடங்களை மட்டும் நிரப்பினால் போதும் என்பேன்.

அப்படி ஓர் இடத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ரவுட்டர் (எந்தப் பாதைக்கு எந்தத் திரை என்று பிரவுசரிலேயே முடிவு செய்யும் கோடு) உள்ள ஓர் ஆப்பில் ஆர்டர் விவரப் பக்கத்தில் நின்று ரீஃப்ரெஷ் செய்கிறீர்கள். லோக்கலில் ஜம்மென்று வரும். சர்வரில் 404. காரணம் எளிது: அந்தப் பாதை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்குத்தான் தெரியும், சர்வரோ அந்தப் பெயரில் ஃபைலைத் தேடுகிறது. லோக்கலில் ஓடும் டெவ் சர்வர் தெரியாத பாதைக்கெல்லாம் இன்டெக்ஸ் பக்கத்தைக் கொடுத்துச் சமாளிப்பதால் லோக்கலில் இது கண்ணிலேயே படாது. சரி, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் ஒரு வரி சேர்த்து, தெரியாத எதற்கும் இன்டெக்ஸ் பக்கத்தையே கொடு என்று சொல்லிவிடுகிறோம். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதிலும் அத்தோடு நின்றுவிடும்.

அடுத்த சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பயனர் காலையில் டேபைத் திறந்து வைத்திருக்கிறார். மதியம் புது வெர்ஷன் டிப்ளாய் ஆகிறது. பில்ட் செய்யும்போது ஃபைல் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து உருவாகும் எழுத்துக் கோவை) சேர்வதால் மாறிய ஃபைல்களுக்கெல்லாம் புதுப் பெயர், பழையவை அழிந்துவிட்டன. அவர் இதுவரை போகாத ஒரு பக்கத்தை க்ளிக் செய்கிறார். லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் ஃபைலை இறக்குவது) என்பதால் பிரவுசர் பழைய பெயரிலேயே ஃபைலைக் கேட்கிறது. சர்வர் 404 என்று நேர்மையாகச் சொல்லாமல், நாம் எழுதிய அந்த ஒரு வரியின்படி, எல்லாம் சரி என்று 200 போட்டு இன்டெக்ஸ் பக்கத்தை அனுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் கேட்டவனுக்கு எச்டிஎம்எல் வருகிறது. பிரவுசர் ஃபைல் வகை சரியில்லை என்று கைவிரிக்கிறது, பயனருக்கு வெள்ளைத் திரை. நம்மிடம் புகார் வந்து நாம் திறந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும், நம்முடையது புது டேப் ஆயிற்றே.

இதற்கான மருந்தெல்லாம் டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டியவை. பில்ட் ஆன ஃபைல்கள் இருக்கும் அசெட்ஸ் ஃபோல்டருக்கு, எதற்கும் இன்டெக்ஸ் பக்கத்தைக் கொடுக்கும் அந்த ஃபால்பேக் பொருந்தக் கூடாது, இல்லாத ஃபைலுக்கு 404 வரட்டும். ஹாஷ் உள்ள ஃபைல்களை ஒரு வருடம் கேஷ் செய்யலாம், இன்டெக்ஸ் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். முந்தைய பில்டின் ஃபைல்களைச் சில நாளாவது அழிக்காமல் வைக்க வேண்டும். இப்படி லோட் ஆகாமல் போகும்போது வீட் ஒரு ஈவென்ட் எழுப்பும், அதைப் பிடித்துப் பக்கத்தை ரீலோட் செய்யலாம். ஒரே ஒரு முறை என்று காவல் போடுங்கள், இல்லையென்றால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்த்தால் சில வரிகள்தான். ஆனால் எத்தனை "என்டர்ப்ரைஸ்" டெம்ப்ளேட்டில் இது இருக்கிறது?

வெள்ளைத் திரை என்றதும் இன்னொன்று. ரியாக்ட் 16-லிருந்து ரெண்டர் ஆகும்போது வரும் எர்ரரை யாரும் பிடிக்காவிட்டால் மொத்தத் திரையையும் கழற்றிவிடும். உச்சியில் ஓர் எர்ரர் பவுண்டரி, அதாவது எர்ரரைப் பிடித்து மாற்றுத் திரை காட்டும் காம்போனென்ட், வைத்துவிடுங்கள்.

என்விரான்மென்ட் வேரியபிள் (கோடுக்கு வெளியே என்வ் ஃபைலில் வைக்கும் அமைப்பு மதிப்பு) விஷயம் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வீட் என்ற முன்னொட்டோடு எழுதி, கோடில் பயன்படுத்தும் மதிப்பு அப்படியே பில்டுக்குள் போய்விடும், டெவ்டூல்ஸ் திறக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். ரகசியக் கீ அங்கே கூடாது. மாதிரி என்வ் ஃபைலின் முதல் வரியிலேயே இதை கமென்ட்டாக எழுதி வையுங்கள். டைப்ஸ்கிரிப்ட்டும் இதே மாதிரிதான்: வீட் டைப்பை உரித்துப் போட்டுவிடும், சரியா தப்பா என்று பார்க்காது. பில்டுக்கு முன் டைப் செக் ஓடுகிற அந்த வரியை "பில்ட் மெதுவாக இருக்கு" என்று யாரும் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட்டில் ஒரு பேக்கேஜைச் சேர்ப்பது என்பது அதிலிருந்து பிறக்கும் ஒவ்வோர் ஆப்பிலும் சேர்ப்பது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற, ஏறக்குறைய எல்லார் ப்ராஜெக்ட்டிலும் எங்கோ ஒளிந்திருக்கும் பேக்கேஜ்களில் திருட்டுக் கோடு நுழைந்தது. பராமரிப்பவரையே போலி மெயிலில் ஏமாற்றி உள்ளே வந்தார்கள். அந்தக் கோடின் குறி பிரவுசரில் நடக்கும் கிரிப்டோ பரிவர்த்தனைகள். எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலை மதித்து இன்ஸ்டால் செய்கிற இடங்களில் அப்படியொரு வெர்ஷன் தானாக வந்து உட்காராது. ஆகவே தானாக பில்ட் ஓடும் சிஐ-யில், லாக் ஃபைலின்படியே இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் சிஐ கமாண்ட்தான்.

ஃபோல்டர் அமைப்பைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. காலி ஃபோல்டர்களை முன்கூட்டியே உருவாக்கி வைக்காதீர்கள். யூட்டில்ஸுக்கும் ஹெல்ப்பர்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அப்புறம், இன்டெக்ஸ் பக்கத்தில் மொழி ஆங்கிலம் என்றே எழுதி வரும். தமிழில் ஓடும் தளங்களில்கூட அதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரீன் ரீடர் எந்த உச்சரிப்பில் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான். டைட்டிலிலும் டெம்ப்ளேட்டின் பெயரே தொங்கிக்கொண்டிருக்கும்.

"எங்களிடம் நிறைய ஆப் இருக்கு, லாகின், பட்டன், டேபிள் எல்லாம் ஒரே மாதிரி வேணும், டெம்ப்ளேட் பெரிசாத்தான் இருக்கும்" என்பவர்கள் உண்டு. தேவை நியாயம்தான், இடம்தான் தப்பு. டெம்ப்ளேட்டை காப்பி செய்த அந்த நொடியோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. நாளை லாகினில் ஒரு ஓட்டை கண்டுபிடித்து டெம்ப்ளேட்டில் அடைத்தால், ஏற்கெனவே பிறந்த ஆப்களுக்கு அது போய்ச் சேராது, ஒவ்வொன்றாகத் திறந்து கையால் ஒட்ட வேண்டும். பொதுவானதை வெர்ஷன் போட்ட பேக்கேஜாக வெளியிடுங்கள், டெம்ப்ளேட்டில் அதற்கு ஓர் இம்போர்ட் வரி போதும்.

நான் பார்த்துக்கொள்ளும் டெம்ப்ளேட்டில் சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க்கூடக் கிடையாது. டெய்ல்விண்ட் என்ற சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க்கைச் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உங்கள் ஆப்பில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், புல் ரிக்வெஸ்ட்டை மட்டும் டெம்ப்ளேட்டுக்கு அனுப்பாதீர்கள்.